குழந்தைகளோடு அந்தமான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமானுக்கு நாங்கள் இரண்டு தடவை போய் வந்தோம். முதல் தடவை சின்னவளுக்கு நாலு வயது, பெரியவனுக்கு ஒன்பது, கூட அத்தையும் (என் மாமியார்). ஏஜென்ட் ஒருவர் போட்டுக் கொடுத்த திட்டத்தில் ஐந்து நாளில் ஒன்பது இடம். மூன்றாம் நாள் படகுத்துறையில் (ஜெட்டி என்பார்கள்) நின்றபடியே சின்னவள் "வீட்டுக்குப் போலாம்" என்று அழ ஆரம்பித்தவள் மாலை வரை நிறுத்தவில்லை. இரண்டு வருஷம் கழித்து நாங்களே திட்டம் போட்டுப் போனோம், ஏழு நாளில் நாலே இடம்தான், அழுகையே இல்லை. அதிலிருந்து தெரிந்தவர்கள் யார் அந்தமான் கிளம்பினாலும் எனக்குத்தான் ஃபோன். எல்லோரும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

எத்தனை நாள் வேண்டும்?

குழந்தைகள் இருந்தால் ஆறு இரவு. ஐந்து ஓகே. நாலு என்றால் போர்ட் பிளேரும் (விமானம் இறங்கும் தலைநகர்) ஹேவ்லாக் தீவும் மட்டும் போதும், மூன்றாவது தீவை மறந்துவிடுங்கள்.

ஏன் என்றால், ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போவது ஒன்றரை மணி நேரப் படகுப் பயணம் என்று காகிதத்தில் இருக்கும். ஆனால் அறையைக் காலி செய்வது, பெட்டி கட்டுவது, ஆட்டோ, ஜெட்டியில் முன்கூட்டியே போய் வரிசையில் நிற்பது, பெட்டிகளை ஸ்கேன் செய்வது, இறங்கி அடுத்த ஹோட்டலில் அறை தயாராகும்வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பது எல்லாம் சேர்த்தால் பாதி நாள் போச்சு. பெரியவர்களுக்கு அது பயணத்தின் ஒரு பகுதி. நாலு வயதுக் குழந்தைக்கு, கடல் கண்ணெதிரே இருந்தும் இறங்க விடாத ஒரு நாள், அவ்வளவுதான்.

எங்கள் இரண்டாவது திட்டம் இப்படி: போர்ட் பிளேரில் ஒரு இரவு, ஹேவ்லாக்கில் மூன்று, நீல் தீவில் ஒன்று, திரும்ப போர்ட் பிளேரில் ஒன்று. ஹேவ்லாக்கின் மூன்று நாளில் ஒரு நாள் முழுக்க ஒன்றுமே வைக்கவில்லை. குழந்தைகளைக் கேட்டால் அந்த ஒன்றுமில்லாத நாளைத்தான் முதலில் சொல்வார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை துறவி நண்டு (காலிச் சிப்பிக்குள் குடியிருக்கும் குட்டி நண்டு) பிடித்து விட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பெயரெல்லாம் மாற்றிவிட்டார்களாமே, டிக்கெட்டில் எந்தப் பெயர் வரும்?

ஆமாம். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரை ஸ்ரீ விஜயபுரம் என்று அறிவித்தார்கள். எந்தப் பெயரில் டிக்கெட் வந்தாலும் குழம்ப வேண்டாம், ஆட்டோக்காரரிடம் ஹேவ்லாக், நீல் என்றே சொல்லலாம். நானும் இங்கே பழைய பெயரையே எழுதுகிறேன், கை அதற்குத்தான் பழகியிருக்கிறது.

எந்த மாதம் போகலாம்? பள்ளி விடுமுறையில்தானே போக முடியும்?

இதுதான் சிக்கலான கேள்வி. அந்தமானுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் தொடுகிற இடமே அதுதான், பெரும்பாலும் மே மூன்றாவது வாரம் வாக்கில் வந்துவிடும். செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பாகவே இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் தட்டு மாதிரி அமைதியாக இருக்கும், ஆனால் அப்போது நம் பிள்ளைகளுக்குப் பரீட்சை.

ஆகவே நம் ஊர் விடுமுறைக்குள் பார்த்தால், முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ கிளம்புவதுதான் நல்லது. வெயில் இருக்கும், வியர்வை கொட்டும், ஆனால் தண்ணீர் கண்ணாடி. மே 15-க்கு மேல் தள்ளாதீர்கள். அரையாண்டு விடுமுறையில் கிறிஸ்துமஸை ஒட்டிப் போவது அழகுதான், ஆனால் கூட்டமும் விலையும் அப்போதுதான் உச்சம். அதோடு 2016 டிசம்பரில் புயல் காரணமாக ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டு, கடைசியில் கடற்படை போய்க் கூட்டி வந்தது நினைவிருக்கலாம். காலாண்டு விடுமுறை வேண்டாம். ஒன்றாம் வகுப்புக்குக் கீழே உள்ள குழந்தை மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிப்ரவரியில் போய்விடுங்கள்.

சென்னையிலிருந்து கப்பலில் போனால் குழந்தைகளுக்கு ஜாலியாக இருக்குமே?

முதல் ஆறு மணி நேரம் ஜாலியாக இருக்கும். சென்னையிலிருந்து கடல் வழி ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், கப்பல் போய்ச் சேர மூன்று நாள் வரை ஆகும். உல்லாசக் கப்பல் என்று நினைத்துவிடாதீர்கள், தீவு மக்கள் ஊருக்குப் போய் வருவதற்கான அரசுப் பயணிகள் கப்பல் அது. எங்கள் தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவர் வாலிபத்தில் அப்படிப் போனதை இன்னும் கதையாகச் சொல்வார், கேட்க அருமையாக இருக்கும். சின்னக் குழந்தையோடு நான் போகமாட்டேன்.

விமானம் என்றால் சென்னையிலிருந்து இரண்டே கால் மணி நேரம். இரண்டு வயது முடியாத குழந்தைக்கு மடியில் உட்கார்த்தி வைத்துக்கொள்ளும் டிக்கெட், முடிந்துவிட்டால் முழு டிக்கெட். பிறந்தநாளுக்கு முன்னாடியே போய்விட்டு வருவது என்று கணக்குப் போட்ட தோழி ஒருத்தி இருக்கிறாள். மத்திய அரசு ஊழியர் யாராவது வீட்டில் இருந்தால் எல்டிசியில் (விடுமுறைப் பயணச் சலுகை) அந்தமானுக்கு விமானத்தில் போக அனுமதி இருக்கிறதா என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். அந்தச் சலுகையைத் தொடர்ந்து நீட்டித்துக்கொண்டு வருகிறார்கள். விமானத்தில் ஜன்னலோர இருக்கை கட்டாயம் வேண்டும். இறங்கும் நேரத்தில் கீழே பச்சைத் தீவுகளும் ஓரத்தில் வெளிர்நீல விளிம்பும் தெரிகிற அந்தப் பத்து நிமிடத்துக்காகவே.

தீவுகளுக்கு இடையே போகிற படகில் வாந்தி வருமா?

வரலாம். எங்கள் பெரியவனுக்கு வந்தது, பிறகு என் வீட்டுக்காரருக்கும்.

இரண்டு வகைப் படகு உண்டு. தனியார் விரைவுப் படகுகள் ஏசி போட்டு, மூடிய கண்ணாடி ஜன்னலோடு, விமானம் மாதிரி வரிசை இருக்கைகளோடு இருக்கும். ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம். அரசுப் படகு மெதுவாகப் போகும், இரண்டரை மணி நேரம் ஆகும், டிக்கெட் மிகவும் மலிவு, ஆனால் கிடைப்பது கஷ்டம். கடல் அமைதியான மாதத்தில் அரசுப் படகு கிடைத்தால் நான் அதையே எடுப்பேன். மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கலாம், பறக்கும் மீன்கள் தண்ணீரைக் கீறிக்கொண்டு போவதைப் பார்க்கலாம், காற்று முகத்தில் அடித்தால் குமட்டல் பாதி குறையும். மூடிய ஏசி படகில் மசாலா சிப்ஸ் வாசனையோடு ஆடிக்கொண்டே போவதுதான் வயிற்றைப் புரட்டுவது.

வாந்தி மாத்திரை கிளம்புவதற்கு முன்னாலேயே போட வேண்டும், வந்தபிறகு போட்டுப் பயனில்லை. குழந்தைக்கு எது, எவ்வளவு என்று ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். காலையில் காலி வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும். இருக்கை நடுப்பகுதியில் கேளுங்கள், முன்வரிசை அதிகம் தூக்கிப் போடும். ஃபோனில் கார்ட்டூன் கொடுத்து உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் வாந்திதான், இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் கவர், ஒரு மாற்றுச் சட்டை, பெட்டியில் இல்லாமல் கைப்பையில்.

காலைப் படகே நல்லது.

ஹேவ்லாக்கா, நீலா? ஒன்றுதான் முடியும் என்றால்?

ஒன்பது பத்து வயதுக்கு மேல் என்றால் ஹேவ்லாக். அதற்குக் கீழே என்றால் நான் நீல் பக்கம் சாய்வேன், இதை ஏஜென்ட்கள் யாரும் சொல்லமாட்டார்கள். நீல் சின்னத் தீவு, எங்கே போவதானாலும் ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். ரோட்டின் இரண்டு பக்கமும் காய்கறித் தோட்டம், அந்தமானுக்கே காய்கறி போகிற தீவு அது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் ஊர்களுக்கு ராமாயணப் பெயர் வைத்திருக்கிறார்கள்: பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், ராம்நகர். அத்தைக்கு அதிலேயே மனசு நிறைந்துவிட்டது. "சத்ருக்கனனுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று ஆட்டோக்காரரைக் கேட்டார், அவரிடம் பதில் இல்லை.

பரத்பூர் கடற்கரை ஜெட்டிக்குப் பக்கத்திலேயே. ஆழமில்லாத, அலையில்லாத தண்ணீர், கண்ணாடி அடிப்படகும் அங்கேயே. சீதாபூரில் அலை வேகம், பார்க்க மட்டும். லட்சுமண்பூரில் இருக்கும் இயற்கைப் பாலம் (கடல் குடைந்த பாறை வளைவு) தண்ணீர் வற்றும் நேரத்தில்தான் போக முடியும், பாறை வழுக்கும். வற்றிய குழிகளில் கடல் வெள்ளரியும் நட்சத்திர மீனும் சின்ன மீன்களும் மாட்டிக்கொண்டு கிடக்கும், தொடாமல் பார்த்தாலே குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

சின்னக் குழந்தைகளை எந்தக் கடற்கரையில் இறக்கலாம்?

பரத்பூர் சொல்லிவிட்டேன். ஹேவ்லாக்கில் ராதாநகர். ஜெட்டியிலிருந்து 12 கிலோமீட்டர், ஏழாம் நம்பர் கடற்கரை என்றும் சொல்வார்கள். 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று எழுதியதை இன்றுவரை எல்லா ஆட்டோக்காரர்களும் சொல்கிறார்கள். பெருமை நியாயமானதுதான். பவளப்பாறை இல்லாத பஞ்சு மணல், மெல்ல மெல்ல ஆழமாகும் கரை, உடை மாற்ற இடம், கழிப்பறை, கரையில் காவலர்கள். அலை உண்டு, அதனால் கையைப் பிடித்துக்கொண்டுதான்.

காலாபத்தர் புகைப்படத்துக்கு அழகு, காலுக்கு ஆகாது, கறுப்புப் பாறை. விஜயநகர் (ஐந்தாம் நம்பர்) பக்கம் ஹோட்டல்கள் நிறைய. தண்ணீர் வற்றினால் கடல் எங்கேயோ போய்விடும், ஏறினால் மரத்தடி வரை வந்துவிடும். ஆகவே ஹோட்டலில் போய் இறங்கியதும் முதல் வேலை, அன்றைக்குத் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று கேட்பது. எங்கள் முதல் பயணத்தில் எலிஃபன்ட் பீச்சுக்கு நேரம் தெரியாமல் போய், வற்றிய பவளத் துண்டுகள் மேல் நடந்து பெரியவன் உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டான். ரப்பர் அடிப்பாகம் வைத்த தண்ணீர்ச் செருப்பு ஆளுக்கு ஒன்று ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலை உண்டாமே?

உண்டு. உவர்நீர் முதலை. அலையாத்திக் காடும் ஓடைகளும் கடலில் சேரும் இடங்களில் வாழ்வது, கடலிலும் நீந்தும். 2010-இல் ஹேவ்லாக்கில் ராதாநகருக்குப் பக்கத்து ஒதுக்குப்புறத்தில் ஒரு அமெரிக்கப் பெண்ணை இழுத்துப் போயிருக்கிறது. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஆனால் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் "கால் மட்டும் நனைக்கிறோம்" என்ற பேச்சே வேண்டாம். ஓடை கடலில் கலக்கும் இடம், அலையாத்தி ஓரம், ஆளில்லாத வளைவு, இருட்டிய பிறகு கடல் — இந்த நாலும் குழந்தைகளுக்குக் கிடையாது. வலை கட்டிக் காவலர் நிற்கிற இடத்தில் குளியுங்கள். அன்றைக்குத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டால், சண்டை போடாமல் மணல் வீடு கட்டுங்கள்.

சாயங்காலம் 5 மணிக்கே இருட்டிவிடுமாமே, உண்மையா?

உண்மை. அந்தமான் நம்மைவிட ரொம்பக் கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்றேதான். அதனால் சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னால் உதிக்கும், முன்னால் மறையும். டிசம்பரில் 5 மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும், ஏப்ரலில் காலை 5 மணிக்கெல்லாம் விடிந்து நிற்கும்.

இதைச் சாதாரண விஷயமாக நினைத்து நாங்கள் முதல் தடவை கோட்டைவிட்டோம். ஊர்ப் பழக்கத்தில் ஒன்பது மணிக்கு எழுந்து, சாவகாசமாகச் சாப்பிட்டு, பதினோரு மணி வெயிலில் கடலுக்குப் போய், மதியம் தூங்கி, நாலரைக்கு மறுபடி கிளம்பினால் போய்ச் சேர்வதற்குள் இருட்டு. இரண்டாம் தடவை குழந்தைகளை ஏழரைக்கே தூங்க வைத்து, ஐந்தரைக்கு எழுப்பி, ஒரு பிஸ்கட் பாலோடு ஆறு மணிக்கெல்லாம் தண்ணீரில். அந்த நேரத்தில் வெயில் சுடாது, கூட்டம் கிடையாது, ராதாநகர் முழுக்க நம்முடையது. எட்டரைக்குத் திரும்பி வந்து பூரியோ தோசையோ. பத்திலிருந்து மூன்று வரை நிழல். மூன்றுக்கு மறுபடி கடல், ஐந்தரைக்கு முடிவு. என் மொத்த அறிவுரையையும் ஒரே வரியில் கேட்டால், கடிகாரத்தை மறந்து சூரியனோடு எழுந்து சூரியனோடு படுங்கள் என்பேன், மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

ஸ்நார்க்கலிங், ஸ்கூபா எந்த வயதில்?

ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்குவது) பொதுவாகப் பத்து வயதிலிருந்து. வயதைக் குறைத்துச் சொன்னாலும் பரவாயில்லை என்று ஏற்றிக்கொள்பவர்கள் இருந்தால், அந்த இடமே வேண்டாம். சளி, காது வலி இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. டைவ் செய்த அன்றே விமானம் ஏறக் கூடாது, 24 மணி நேரம் இடைவெளி வையுங்கள். அதனால் ஸ்கூபாவைக் கடைசி நாளில் வைக்காதீர்கள்.

ஸ்நார்க்கலிங்கிற்கு (முகமூடியும் மூச்சு விடும் குழாயும் போட்டு, மேலே மிதந்தபடி கீழே பார்ப்பது) நீச்சல் தெரிய வேண்டியதில்லை, மிதவையைப் பிடித்துக்கொண்டு ஆள் இழுத்துப் போவார்கள். குழந்தைக்குப் பிரச்சினை முகமூடிதான். பெரியவர்களுக்கான முகமூடி சின்ன முகத்தில் பொருந்தாமல் தண்ணீர் உள்ளே போய், உப்பு மூக்கில் ஏறி, அத்தோடு ஆட்டம் முடிந்தது. குழந்தை அளவு முகமூடி ஒன்று ஊரில் வாங்கி, வாளித் தண்ணீரில் முகத்தை விட்டுப் பழக்கிக் கூட்டிப் போங்கள். லைஃப் ஜாக்கெட்டும் அப்படித்தான், குழந்தை அளவு இருக்கிறதா, கால் நடுவே வார் இருக்கிறதா என்று பாருங்கள். தோளைப் பிடித்துத் தூக்கினால் கழன்று வந்தால் அது வேலைக்கு ஆகாது. நாலு வயதுக்கு அதெல்லாம் வேண்டாம், கண்ணாடி அடிப்படகே பெரிய அதிசயம்.

எலிஃபன்ட் பீச்சில் யானை இருக்குமா என்று எல்லாக் குழந்தையும் கேட்கும். இருக்காது. மரம் இழுக்கக் கொண்டுவந்த யானைகள் ஒரு காலத்தில் இருந்தன. ராஜன் என்ற யானை ஹேவ்லாக் கடலில் நீந்துவதற்கே பேர்போனது, 2016-இல் இறந்துபோனது. அந்தக் கதையை இரவில் சொல்லுங்கள்.

சாப்பாடு? என் பிள்ளை சோறும் ரசமும் தவிர எதையும் தொடாது.

போர்ட் பிளேரில் கவலையே இல்லை, அபர்டீன் பஜார் பக்கம் இட்லி, தோசை, சாப்பாடு எல்லாம் கிடைக்கும். ஹேவ்லாக்கிலும் நீலிலும் சோறும் பருப்பும் எங்கேயும் கிடைக்கும், காரம் குறைத்துச் செய்து தருவார்கள், ஆனால் சொல்லி முக்கால் மணி நேரம் ஆகும். பசியோடு காத்திருக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு அது பெரிய நேரம். போகும் வழியிலேயே ஃபோனில் சொல்லி வைத்துவிடுங்கள். ஒரு சின்ன மின்கெட்டில், பருப்புப் பொடி, நெய், அவல், பழகிய பால்பவுடர் எடுத்துப் போங்கள். இளநீர் எங்கும் உண்டு. மீன் சாப்பிடுகிற வீடு என்றால் சொல்லவே வேண்டாம்.

உடம்பு சரியில்லாமல் போனால்?

ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி போர்ட் பிளேரில்தான், ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனை. நடுவில் கடல், அதுதான் விஷயம். அதனால் காய்ச்சல் மருந்து, ஓஆர்எஸ், வயிற்றுப்போக்குக்கு ஜிங்க், அலர்ஜி மருந்து, காது சொட்டு மருந்து, காயத்துக்குக் களிம்பு எல்லாம் மருத்துவரைக் கேட்டு அளவு எழுதி வைத்து எடுத்துப் போங்கள். தெர்மாமீட்டரை மறக்காதீர்கள்.

கொசுவைவிட மணல் ஈ மோசம். கண்ணுக்கே தெரியாது, கடித்தால் ஒரு வாரம் அரிக்கும். அந்தி நேரத்தில் வெறும் மணலில் உட்காராமல் பாய் விரித்து உட்காருங்கள், தேங்காயெண்ணெய் தடவினால் கொஞ்சம் தேவலை. வெயிலுக்கு க்ரீமைவிட முழுக்கை நீச்சல் சட்டை நல்லது. "நம்ம தோல் கறுப்புதானே, வெயில் என்ன செய்யும்" என்ற என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் நாள் முதுகு உரிந்தது.

பாராடாங், சுண்ணாம்புக் குகை போகலாமா?

பாராடாங் போர்ட் பிளேருக்கு வடக்கே இருக்கும் தீவு. எட்டு வயதுக்குக் கீழே வேண்டாம். விடியற்காலை மூன்று, மூன்றரைக்குக் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, போலீஸ் காவலோடு வண்டிகள் கூட்டமாகப் போகும் நேரத்தில்தான் காட்டைக் கடக்க முடியும். அது ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு. வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது, மீறினால் வழக்கு. அப்புறம் படகு, அலையாத்திக் கால்வாய், நடை, குகை, திரும்ப அதே வரிசை. குகையும் கால்வாயும் நிஜமாகவே அழகு.

ஆனால் "ஜாரவா பார்க்கலாம்" என்று ஆசைகாட்டி விற்கிறவர்கள் இருந்தார்கள், எங்களுக்கும் ஒருவர் சொன்னார். மனுஷரை வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதா என்று அத்தைதான் முதலில் வேண்டாம் என்றார். இரண்டு தடவையும் நாங்கள் போகவில்லை.

செல்லுலார் சிறை குழந்தைகளுக்குப் புரியுமா?

ஒன்பது வயதுக்குப் புரிந்தது, நாலு வயது அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி விளையாடியது. 1906-இல் கட்டி முடித்த சிறை. நடுவே கோபுரம், அதிலிருந்து சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி ஏழு பிரிவு. இப்போது மூன்றுதான் மிச்சம். ஒரு பிரிவின் முகப்பு இன்னொன்றின் முதுகைப் பார்க்கிற மாதிரி கட்டியிருக்கிறார்கள், ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாது. பெரியவனிடம் இதை மட்டும் சொன்னேன். "அப்ப பேசவே முடியாதா?" என்று கேட்டான். தூக்கு மேடைப் பக்கம் சின்னவர்களைக் கூட்டிப் போக வேண்டாம். ஒலி ஒளிக் காட்சி பெரும்பாலும் இந்தியில், பாதியில் தூங்கிவிடுவார்கள்.

சிறைக்கு எதிரே படகில் கொஞ்ச நேரத்தில் போகிற ராஸ் தீவு குழந்தைகளுக்கு அதைவிடப் பிடிக்கும். வெள்ளைக்காரர்கள் 1942 வரை ஆண்ட இடம், இப்போது சர்ச்சையும் பேக்கரியையும் ஆலமர வேர்கள் விழுங்கி நிற்க, நடுவே புள்ளிமான்கள் கைக்கு எட்டும் தூரத்தில் மேய்கின்றன. ஏற முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி உண்டு, அத்தை அதில்தான் வந்தார். கிளம்பும்போது பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு ஒன்று தேடி எடுத்துப் போங்கள். அதன் பின்பக்கம் இருக்கும் தென்னையும் கலங்கரை விளக்கமும் போர்ட் பிளேர் நார்த் பே காட்சிதான், நேரில் பார்த்து நோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பையன்களுக்கு ஒரு பெரிய வேலை.

இந்தி தெரியாதே?

பரவாயில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தீவுகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்குத் தமிழ்தான் தாய்மொழி. போர்ட் பிளேரில் காய்கறிக் கடையிலும் ஆட்டோவிலும் தமிழ் கேட்கும், வெற்றிமலை முருகன் கோயிலும் உண்டு. ஹேவ்லாக், நீலில் வங்காளமும் இந்தியும் அதிகம், அரைகுறை இந்தி போதும்.

பெர்மிட் வேண்டுமா? என்ன அடையாள அட்டை?

இந்தியக் குடிமக்களுக்கு போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீலுக்குப் பெர்மிட் வேண்டாம். குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் ஆதார், நகல் நாலைந்து. ஒவ்வொரு படகுக்கும் கேட்பார்கள்.

நெட், பணம்?

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபிறகு நெட் எவ்வளவோ தேவலை. இருந்தாலும் சின்னத் தீவில் யுபிஐ திடீரென்று சுற்றிக்கொண்டே இருக்கும். ரொக்கம் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட், ஹோட்டல் ரசீது எல்லாம் காகிதத்திலும்.

ஹோட்டல் பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும்?

நீச்சல் குளம் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். நான் கேட்பது மூன்று. ஜெனரேட்டர் இரவு முழுக்க ஓடுமா? அறை தரைத்தளத்திலா? காலை ஆறரைக்குச் சாப்பாடு கட்டித் தருவார்களா? மூன்றாவதுக்கு ஆமாம் என்று சொல்கிற இடம் மற்றதிலும் நல்ல இடமாக இருக்கும். ஸ்ட்ரோலர் எடுத்துப் போகாதீர்கள், மணலிலும் ஜெட்டிப் படியிலும் அதையும் சேர்த்து நாம்தான் தூக்க வேண்டும்.

காற்று மழையால் படகை ரத்து செய்துவிட்டால்?

செய்வார்கள், செய்ய வேண்டும். அதனால்தான் கடைசி இரவு போர்ட் பிளேரில் இருந்தே ஆக வேண்டும். ஹேவ்லாக்கிலிருந்து காலைப் படகில் வந்து மதியம் விமானம் என்று யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தால் அவரிடம் பணம் கட்டாதீர்கள். எங்களுக்கு முதல் தடவை அப்படித்தான் போட்டிருந்தார், படகு இரண்டு மணி நேரம் தாமதம், விமான நிலையத்துக்கு ஈர உடையோடு ஓடினோம்.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, பவளத் துண்டை வீட்டுக்குக் கொண்டு வரலாமா?

கூடாது. பவளம், செத்த துண்டாக இருந்தாலும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பல வகைச் சங்கு சிப்பிகளும் அப்படித்தான். விமான நிலைய ஸ்கேனில் கண்டுபிடித்து எடுத்துவிடுவார்கள். இதைக் கிளம்பும் முன்பே குழந்தைகளிடம் சொல்லிவிடுங்கள். நாங்கள் சொன்னோம், சின்னவள் சரி என்றுதான் தலையாட்டினாள். கடைசி நாள் காலை அறையில் அவளுடைய காலணியை உதறியபோது ஒரு குட்டிச் சிப்பி விழுந்தது, உள்ளே இன்னும் நண்டு இருந்தது. விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருந்ததால் ஆட்டோ பிடித்துப் போய்க் கடலோரத்தில் விட்டுவிட்டு வந்தோம். போக வர ஆட்டோவுக்கு ஆன காசைத் திட்டத்தில் எதில் சேர்ப்பது என்று வீட்டுக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.